லேபிளுக்கு அடியில் இருந்த வாக்கியம்

நாள் 412, காலை 7.10
நிலவுத் தளம், மேல் கூடம். எழுதுவது தகவல்தொடர்புப் பொறியாளர் செங்கமலம். மேலே நான் மட்டும். முந்தாநாள் சூரியப் புயலில் கணினி நினைவகங்கள் அழிந்தன. காற்றுக் குழாயின் பம்பு நின்றது. கீழ்க் கூடத்துக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது; திறக்க முடியவில்லை. உள்ளே சூசைராயனும், அமுதினி உட்பட இன்னும் மூவரும். அவர்களிடம் இன்னும் முப்பது மணி நேரக் காற்றுதான். மீட்புக் கலம் வர ஒன்பது நாள். கையால் காற்று அனுப்பும் முறையை, தளத்தைக் கட்டிய பிச்சுமணி ஒரு குறுந்தகட்டில் பேசிவைத்திருக்கிறார். அவர் இறந்துவிட்டார். பழைய பிளேயர் ஒன்று ஓடுகிறது.

காலை 9.40
தகட்டின் மேல் காகித லேபிள். ஓரம் கிளம்பியிருப்பதால் சுழலும்போது தடதடவென்று அடித்து நின்றுவிடுகிறது. இன்டர்காமில் சூசைராயன்:
"எக்கா, அந்தப் பேப்பர உரிச்சிப் போட்டுட்டு ஓட்டுங்களேன்."
"உரிச்சா வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துடும் ராயா. பேச்சு அதுலதான் இருக்கு."
"சீக்கிரம் பாருங்கக்கா. அமுதினிக்குத் தலை சுத்துதாம்."

பகல் 12.15
கிளம்பிய ஓரத்தை மட்டும் கத்தரித்தேன். எடை சமமாக எதிர்ப்பக்கம் சின்னதாக ஒட்டுநாடா ஒட்டினேன். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தடத்தோடேயே ஓடும்.

மாலை 4.30
குரல் வந்தது. தத்தித் தத்தி. பதினோரு முறை போட்டேன். ஒரு ஓட்டத்தில் விட்டதை அடுத்த ஓட்டத்தில் பிடித்துக் காகிதத்தில் கோத்தேன். சிவப்பு வால்வு, இடப்பக்கம் மூன்று சுற்று, பிறகு நெம்புகோல். கடைசி வாக்கியம் மட்டும் கிடைக்கவில்லை. அது தெரியாமல் வால்வைத் தொடப் பயம்.

நாள் 413, காலை 8.05
நாடாவை ஒரு விரற்கடை நகர்த்தி ஒட்டினேன். கிடைத்துவிட்டது.
"ஒருதடவ தெறந்தா மூட முடியாது. மேல் கூடத்துக் காத்து மொத்தமும் கீழ எறங்கிரும். உடை போட்டுக்கிட்டுத்தான் தெறக்கணும்."
விண்வெளி உடைகள் எல்லாம் கீழ்க் கூடத்தில் இருக்கின்றன.
நான்கு முறை கேட்டேன். வேறு ஏதாவது சொல்கிறாரா என்று.

காலை 8.50
"கெடச்சிதாக்கா?"
"கெடச்சிடுச்சு."
"முழுசுமா?"
"முழுசும். பயப்படாதீங்க."
கீழே அமுதினி இருமுவது கேட்டது. வால்வைத் திறந்தேன்.

9.20
காது வலிக்கிறது. எழுத்து கோணுகிறது.
"எக்கா, காத்து வருது! அமுதினி எந்திரிச்சி உக்காந்துட்டா! எக்கா?"
இன்டர்காம் பொத்தானை அழுத்தினால் என் மூச்சிரைப்பு அவர்களுக்குக் கேட்கும். அழுத்தவில்லை.

9.3
சிரிக்கிறார்கள். நால்வர் குரலும் கேட்கிறது. ராயன் மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிடு