முகம் இல்லாத படம்

நவம்பர் 7, வெள்ளி. ஈஸ்ட் பிரன்ஸ்விக்.

பக்கத்து வீட்டு பிரிட்டிஷ் கார்ட்டூனிஸ்ட் இன்று டின்னருக்கு வந்தார். பென்சிலே தொடமாட்டார், கண்ணால் பார்ப்பதை நேராகப் பேனாவில் வரைவார். என் கணவரின் தொப்பையை ஏர்பேக் ஆக்கிவிட்டார். மகளுக்கு முகத்தில் பாதி போன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் மட்டும் வெறும் முதுகும் கொண்டையுமாக அடுப்பைப் பார்த்து நிற்கிறேன்.

முகம் எங்கே என்று கேட்டேன். நான் திரும்புவேன் என்று காத்திருந்தாராம். தோசை வந்துகொண்டே இருந்ததாம்.

"அச்சு அசலா நீயேதான்! ஃப்ரேம் பண்ணி ஹால்ல மாட்டிடலாம்" என்றார் என் கணவர்.

தூக்கம் வரவில்லை. சுடச்சுடப் போட்டால்தானே தோசை? கடைசித் தோசையை நின்றுகொண்டே சாப்பிட்டேன். அப்போது அவர்கள் பக்கம் திரும்பித்தான் நின்றேன். அதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார்.