ஐஸ் பெட்டியில் ஒரு கடல்பன்றி

வியாழன். மழை இன்னும் விடவில்லை.

புன்னக்காயலில் டால்பின் போன்ற கடல்பன்றி ஒன்று செத்து ஒதுங்கியிருப்பதாக மீனவர் சூசை அண்ணன் விடியற்காலையில் போன் செய்தார். நான் வரும்வரை கெட்டுப்போகாமல் வையுங்கள் என்றேன். திறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

"நீங்க சொன்ன மாதிரியே வச்சிருக்கோம் டாக்டரம்மா" என்று ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். வயிற்றைக் கீறி, உள்ளே இருந்ததை எல்லாம் வழித்தெடுத்து, விலைமீனைப் போலக் கழுவி வைத்திருந்தார்கள்.

"குடல், நுரையீரல் எல்லாம் எங்க அண்ணே?"

"அதுதான முதல்ல கெடும்? அப்பமே ஆத்துல போட்டாச்சு."

நோயில் செத்ததா, வலையில் மூச்சுமுட்டிச் செத்ததா என்று நுரையீரலைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். இவ்வளவு புதிதாக ஓர் உடல் என் ஆய்வுக்குக் கிடைத்ததே இல்லை. கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவும் தெம்பில்லை. தோலில் கொஞ்சமும் இரண்டு பற்களும் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சூசை அண்ணன் பைய பக்கத்தில் வந்தார்.

"நேத்து என் வலையில ஏதோ பெருசா இழுத்துச்சும்மா. விடிஞ்சு பாத்தா கிழிஞ்சு கெடக்கு. நாந்தான் கொன்னுட்டனோ? சோதிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கை இன்னும் நாறுகிறது. நாளைக்கு அவர் போன் செய்வார்.