தை பிறக்கட்டும்

டிசம்பர் 10

காலேஜை விட்டபின் எனக்கிருக்கும் ஒரே உருப்படியான வேலை, தங்கச்சி அக்ஷராவின் வீல்சேரைத் தள்ளுவது. பதினாறு வயசு. தசையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் வியாதி. கொல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒரு சந்து விடாமல் சுற்றியாகிவிட்டது. இன்று திடீரென்று சொல்கிறாள்: "எப்பப் பாத்தாலும் முதுகுக்குப் பின்னாடி உன் மூச்சு. ஒரு நாளாவது பின்னாடி யாருமில்லாம போகணும்ணா."

சுருக்கென்றது. நியாயம்தான்.

டிசம்பர் 12

ஊருக்கு வெளியே ஒரு தீம் பார்க்கில் பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்குத் தருகிறார்கள். உட்கார்ந்து கட்டைவிரலால் லீவரை அழுத்தினால் போதும். தள்ள ஆள் வேண்டாம். இருபத்திரண்டாம் தேதிக்கு புக் பண்ணிவிட்டேன். டிவி ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பழகுகிறாள் மகாராணி. அப்பாவுக்கு நியூஸ் போச்சு.

டிசம்பர் 13

அம்மா காலண்டரைப் பார்த்தாள். "மார்கழியிலயா? பொண்ணு முதமுதலா வண்டி ஓட்டப் போறா. தை பொறக்கட்டும்."

"அம்மா, அது வாடகை வண்டி!"

"வாடகை வண்டின்னா நாள் பாக்கக் கூடாதா?"

"விடுண்ணா, ஒரு மாசம்தானே" என்றாள் அக்ஷரா. தேதியை மாற்றினேன்.

ஜனவரி 4

அப்பா நிம்மதியாக நியூஸ் பார்க்கிறார். அக்ஷராவுக்கு ரிமோட் போரடித்துவிட்டது போல.

ஜனவரி 19

போனோம். சிவப்பு ஸ்கூட்டர். அம்மா ஹேண்டிலில் குங்குமம் வைத்து, லேக் மார்க்கெட்டில் வாங்கிய எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தாள். வாடகைக் கவுன்ட்டர்காரர் சிரித்தார். "பூஜோ முடிஞ்சதா, திதி?" வங்காளிக்கு அம்மா 'திதி', அதாவது அக்கா.

அக்ஷரா அழுத்தினாள். நகரவில்லை.

பேட்டரி இல்லாத வண்டியைக் கொடுப்பியா என்று அவரிடம் கத்தினேன். அவர் பேட்டரி விளக்கைக் காட்டினார். எரிந்துகொண்டிருந்தது.

"அவரைத் திட்டாதேண்ணா. என் விரல்தான்."

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. சொன்னா கேன்சல் பண்ணிடுவே."

டிசம்பர்லயே வந்திருந்தா ஓட்டியிருப்பா. ஓட்டியிருப்பாடா! கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா எலுமிச்சம்பழத்தையே பாத்துட்டு நின்னா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?

கடைசியில் லீவரை நான் அழுத்தினேன், ஹேண்டிலை அவள் திருப்பினாள். பழம் நசுங்கியது.

"பக்கத்துல வா. பின்னாடி போகாதே" என்றாள். சாயங்காலம்வரை பக்கத்திலேயே நடந்தேன்.

ஜனவரி 20

அப்பா இன்று நியூஸ் போடவில்லை.

ஜூலை 18

மூச்சு மெஷின் வந்தது. இனி தூங்கும்போது அது இல்லாமல் அக்ஷராவால் முடியாது. ஆடி மாசம், வெள்ளிக்கிழமை, அதுவும் ராகு காலம். மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"என்னைய என்ன பாக்கற? மாட்டுடா, இப்பவே" என்றாள்.

மாட்டினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அக்ஷரா குரல்: "அம்மா, எலுமிச்சம்பழம்?"

அம்மா சிரிக்கத்தான் பார்த்தாள்.