வராதவன் வீடு

ஜூன் 13, வெள்ளி

கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. காலையிலிருந்தே கண்ணில் மண். கன்டெய்னர் யார்டில் பாதிப் பேர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு திருடர்கள் மாதிரி.

பதினோரு மணி வாக்கில் மூட்டை இறக்கும் முத்துராஜின் கை நசுங்கியது. கன்டெய்னர் கதவைத் திறந்து பின்னால் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி உடைந்து மாதக்கணக்கு ஆகிறது. சாக்குக் கயிற்றால் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு அறுந்தது. காற்று கதவை அறைந்தது. இடையில் அவன் வலது கை. நான் பக்கத்திலேயே நின்று இறங்கும் மூட்டைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். டேலி கிளார்க்குக்கு அதுதான் வேலை. கத்தவில்லை அவன். கையைப் பார்த்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸ் கிடையாது. காண்ட்ராக்டரின் ஜீப்.

கொக்கியைப் பற்றிக் கேட்டேன். சூப்பர்வைசர்: “காத்து மேல யாருலே கேஸ் போடுவா?” நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவனுக்கு நாளைக்கு வேலை இருக்காது.

ரத்தத்தின் மேல் மண் போட்டார்கள். மறுபடி மூட்டை இறங்கியது. மறுபடி கோடு போட்டேன்.

வாங்க: சோப்புத்தூள். அம்மாவுக்குக் கால்வலித் தைலம். செருப்பு தைக்க.

14, சனி

முத்துராஜுக்கு ரெண்டு விரல் போய்விட்டது. கட்டுப் போட்டு இன்று காலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். யார்டில் அதற்குள் கதை தயார்: வீட்டில் பைக் செயினில் கையை விட்டானாம். நேற்று பார்த்தவனே இன்று செயின் என்கிறான்.

ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துப் பக்கத்து ஊர் புதுக்கோட்டை. அவன் வீட்டுக்கு. உடம்பு அலுத்துப்போயிருந்தது. போகாமலிருக்க முடியவில்லை. எவனாவது வேலைக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே அவன் வீட்டில் போய் நிற்கிற வியாதி எனக்கு. யார்டில் பட்டப்பெயர் ‘போஸ்ட்மேன்’.

வியாதியைக் கொடுத்தவர் அமல் அண்ணன். திரேஸ்புரத்தில் எங்கள் மாதா கோயில் இளைஞர் குழுவை நடத்தியவர். பகலில் ஐஸ் கம்பெனி, ஞாயிறு பூசை முடிந்தால் நாங்கள். பாட்டு, கபடி எல்லாம் எல்லாக் குழுவிலும் உண்டு. எங்கள் குழுவில் மட்டும் இன்னொன்று. எவன் வரவில்லையோ, அன்று சாயங்காலமே ரெண்டு பேர் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் வரலை என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்த வீட்டில் எது கொடுத்தாலும் சாப்பிட வேண்டும், நீராகாரமானாலும். உள்ளே என்ன சண்டை நடந்தாலும் வாசலோடு திரும்பக் கூடாது.

எனக்குப் பதினோரு வயதில் நான்தான் வராதவன். அப்பா குடித்துவிட்டுத் தட்டு, பானை எல்லாம் வீதிக்கு வீசிய நாள். அமல் அண்ணன் வந்தார். அப்பா கெட்ட வார்த்தையில் அர்ச்சனை. அவர் பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்து, “அண்ணாச்சி, சாப்பிட்டீயளா?” என்றார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன்.

எதற்கு இதெல்லாம் எழுதுகிறேன்? இதற்குத்தான். முத்துராஜ் ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி இசக்கி காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “நேத்தே காண்ட்ராக்டர் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்தாரு. தங்கமான மனுசன். வந்ததும் வராததுமா, சாப்பிட்டியாம்மான்னுதான் கேட்டாரு. பெறவுதான் அந்தச் செயின் விஷயத்தச் சொன்னாரு. அப்படிச் சொல்லிட்டா ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் அவுக பாத்துக்கிடுவாகளாம்.”

பெயர் கேட்கத் தேவையிருக்கவில்லை. கேட்டேன். அவர்தான்.

காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார் என்று தெரியும். என்ன வேலை என்று இன்றுதான் தெரிந்தது.

15, ஞாயிறு

பூசை. பிரசங்கத்தில் பாதித் தூக்கம். கோயில் வெளியே பைக் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். நரைத்துவிட்டார். அதே சிரிப்பு.

“ஏலே ரீகன். சாப்பிட்டியா?”

“அதக் கேக்காதீங்க அண்ணே.”

புரிந்துகொண்டார். “முத்துராஜ் வீட்டுக்குப் போனியாம்ல.”

“நீங்கதான சொல்லித் தந்தீய.”

“நா அவனுக்கு நல்லதுதாம்லே செய்யுதேன். கேசுன்னு போனா எத்தன வருசம் இழுப்பான் தெரியுமா? அதுவரைக்கும் அந்தப் பிள்ள என்னத்தப் பொங்கும்? இப்ப ஆஸ்பத்திரிக்கு யாரு குடுக்கா? நீயா?”

“கொக்கிய மாட்டச் சொன்னீயளா?”

பைக் சீட்டில் படிந்த மண்ணைத் துடைத்தார். “ஐஸ் கம்பெனிய மூடுனப்போ நா எட்டு மாசம் வீட்டுல கெடந்தேன். கோயிலுக்கும் வரல. நம்ம குழுவுல ஒருத்தன் வந்தானாலே? காண்ட்ராக்டர்தான் வந்தாரு.”

அப்போது நான் காலேஜ் ஹாஸ்டலில். அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன.

அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை, செயினைத் தவிர. அதுதான் எரிகிறது. மிரட்ட ஆள் அனுப்பினால் எவனும் எதிர்த்து நிற்பான். சாப்பிட்டியா என்று கேட்கிறவனிடம் எப்படி நிற்பது? காண்ட்ராக்டருக்கு மூளை இருக்கிறது. எங்கள் ஊரிலேயே நல்ல மனுஷன் யார் என்று பார்த்து வேலைக்கு எடுத்திருக்கிறான்.

மத்தியானம் சாளைக் குழம்பு. அம்மா: “மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? மீனு உன்ன என்ன செஞ்சிச்சு?”

16, திங்கள்

இசக்கி லேபர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. “வெரல் ரெண்டும் யார்டுலதான கெடக்கு, வீட்டுலயா கெடக்கு?” என்றாள் போனில். வியாழன் பத்து மணிக்கு விசாரணை. முத்துராஜ் வந்து சொல்ல வேண்டும். பார்த்த ஆள் ஒருத்தனாவது கூடச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன் என்றேன், யார்டில் நாலு பேர் காதில் விழும்படி.

சாயங்காலமே சூப்பர்வைசர்: “கூப்பிடுத வரைக்கும் வர வேண்டாம்ல, போஸ்ட்மேன்.”

17, செவ்வாய்

வீட்டில். மின்விசிறி, கொசு, பக்கத்து வீட்டு டிவி. செருப்பு தைத்தாயிற்று. போட்டுக்கொண்டு போக இடமில்லை.

யார்டிலிருந்து ஒருத்தன் வரவில்லை. போன்கூட இல்லை. எத்தனை பேர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். எதிர்பார்த்துச் செய்யவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தலை திரும்புகிறது.

அம்மா நாலு மணிக்குக் காப்பியை வைத்துவிட்டு, “அவனுக்கு வெரலு போயிட்டு, உனக்கு வேலை போயிட்டு. அந்தக் கொக்கிய இன்னும் மாட்டலயாக்கும்” என்றாள். இல்லை.

18, புதன்

காலையிலிருந்து இசக்கி போனை எடுக்கவில்லை. மூன்று தடவை. மத்தியானம் ஸ்விட்ச் ஆப். சித்தப்பா பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முத்துராஜ் வீட்டு வாசலில் அமல் அண்ணனின் பைக்.

வண்டியை நிறுத்தாமல் அப்படியே வளைத்துத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. அவ்வளவு அலுப்பு. வாசலோடு திரும்பக் கூடாது. இதைச் சொல்லித் தந்த ஆளே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எப்படித் திரும்புவது?

போனேன்.

பாயில் முத்துராஜ். வலது கை முழுக்கக் கட்டு. கையெழுத்துப் போட முடியாது என்பதால் இடது பெருவிரலில் மை தடவியிருந்தது. அமல் அண்ணன் மடியில் பேப்பர். வீட்டில் செயினில் மாட்டியது, மனுவைத் திரும்பப் பெறுகிறேன், அவ்வளவுதான். இசக்கி சுவரைப் பார்த்து நின்றாள்.

அமல் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் தானாகக் கேட்டது. “சாப்பிட்டியாலே?”

“இல்லண்ணே.” உட்கார்ந்தேன்.

முத்துராஜ் மைவிரலை உடம்பில் படாமல் தள்ளி வைத்திருந்தான், அடுத்தவன் விரல் மாதிரி. பிறகு என்னிடம், “நாளைக்கு அங்கன வந்து சொல்லுவியாலே? அவுக எல்லார் முன்னாலயும்?”

“சொல்லுவேன்.”

“உன் வேல?”

“அது திங்கக்கெழமையே போயிட்டு.”

சிரித்தான். கை வலித்திருக்கும், உடனே நிறுத்திக்கொண்டான். விரலை லுங்கியில் துடைத்தான். மை போகவில்லை. மறுபடி துடைத்தான்.

“முத்து, யோசிச்சிக்கோ” என்றார் அமல் அண்ணன். “இனி ஆஸ்பத்திரிக்கு அவுக தர மாட்டாக.”

இசக்கி திரும்பினாள். “அண்ணாச்சி, சோறு வைக்கேன். நீங்களும் சாப்பிட்டுட்டுப் போங்க.”

“எனக்குப் பசிக்கலம்மா.”

அவர் ஒரு வீட்டில் அப்படிச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இந்த அடி எனக்கும் சேத்துதாம்லே. நாளையோட என் வேலயும் போயிரும்.”

நான் எழுந்திருக்கவில்லை. பைக் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை இசக்கி எனக்கு வைத்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம், அப்பளம். இசக்கி முத்துராஜுக்கு ஊட்டினாள்.

நாளை சாயங்காலம் அமல் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். திட்டுவார். திட்டட்டும்.

காலை எட்டரைக்கு முத்துராஜை ஏற்ற வேண்டும். பெட்ரோல் போட வேண்டும். காற்று இன்னும் நிற்கவில்லை. பின்னால் உட்காருகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைதான். மெதுவாக ஓட்ட வேண்டும்.