காசிக்கு நீல பேட்ஜ்

பிப். 5, வியாழன்

காலையில் நல்ல பனி. வெண்டைக்காய் பறிக்க ஆள் வரவில்லை. நானும் என் மனைவி புஷ்பமுமே பறித்தோம். இடுப்பு போச்சு.

எங்கள் பழைய கப்பல்காரர்கள் சந்திப்புக்கு இன்னும் பதினேழு நாள். (22 ஞாயிறு, சென்னை, கல்யாண மண்டபம்.) பழைய செயலாளர் மகனோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். பொறுப்பு என் தலையில். சென்னைக்காரர்களுக்கு இதில் ஓர் இளக்காரம். நேற்று போனில் ஒருவர்: "வடமதுரைல உக்காந்துக்கிட்டு நேவி மீட்டிங் நடத்தப் போறியா சவரி? அங்க கிணத்துலயே தண்ணி கெடையாதே!"

சிரிக்கட்டும். பன்னிரண்டு வருஷம் சுக்கான் பிடித்தவன். ஒரு மண்டபம், ஒரு பந்தி, இது எனக்குப் பெரிய வேலையா?

செய்ய வேண்டியது:
மண்டபம் – ஆச்சு
சாப்பாடு – சைவம் எத்தனை பேர்? கேட்க
பேட்ஜ் – திண்டுக்கல் அச்சகம்
பழைய குரூப் போட்டோ – பெரிதாக்க
பி.பி. மாத்திரை
ஆட்கள் – இதுதான் தலைவலி

எங்கள் கடற்படைக் கப்பலை உடைத்து இரும்பாக்கி எத்தனையோ வருஷம். அதில் இருந்தவர்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது முப்பத்தெட்டு பேர். நாலு சந்திப்பு நடந்துவிட்டது. நாலிலும் அதே முப்பத்தெட்டு மூஞ்சி, அதே ஜோக்.

மதியம் திண்டுக்கல். அய்யலூர்ச் சந்தை நாள், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து ஆள் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. என் சட்டைப் பையைச் சப்பிக்கொண்டே வந்தது.

போட்டோவைக் கொடுப்பதற்கு முன் காசி கடைக்குப் போனேன், தேய்க்கக் கொடுத்த சட்டையை வாங்க. காசி எங்கள் கப்பலின் டோபி. ஒன்பது வருஷம் எங்களோடு கடலில் இருந்தவன். ஆனால் கடற்படை ஆள் இல்லை. துணி வெளுக்கக் கப்பலில் ஏற்றிக்கொண்ட வெளியாள். சீருடை, நம்பர், பென்ஷன் எதுவும் கிடையாது. இப்போது ரயில் நிலையம் போகிற தெருவில் சலவைக் கடை.

மேசைமேல் போட்டோவைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

"இவரு மூணு புள்ளி, கீழ ஒரு கோடு. கோட்டயம் பக்கம். இவரு வட்டத்துக்குள்ள சிலுவை. ஓங்கோலு. இந்தா சிரிக்காருல்ல, ரெண்டு கோடு ஒரு கொக்கி, தூத்துக்குடி..."

"ஏப்பா, என்னப்பா சொல்ற?"

"குறிண்ணே. காலருக்குள்ள மையில போடுவேன்ல? கப்பல்ல நாலு நாயரு, ஆறு சிங்கு. பேர எழுதுனா யாரு துணி யாருக்குப் போகும்? அதான் ஆளுக்கு ஒரு குறி."

"சரி, ஊரு எப்படித் தெரியும்?"

"பாக்கெட்டுல லெட்டர் கெடக்கும். ஊறப்போடும் முன்ன எடுத்துப் பத்திரமாக் குடுக்கணும். கவர்ல அனுப்புனவுக அட்ரஸ் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒம்போது வருசம் அதே அட்ரஸ்தான, மனசுல ஒட்டிக்கிருச்சு."

"லெட்டரையும் படிச்சியாக்கும்?"

"கவரு மட்டுந்தாண்ணே" என்றான். முகம் சுருங்கிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது.

பிப். 6, வெள்ளி

முழுப் பகலும் காசி கடையில். அவன் தேய்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். பெயர், ஊர், தெரு. சிலருக்கு மனைவி பெயர்கூட. குழுவில் இல்லாத நாற்பத்தொரு பேர்! நடுவில் வாடிக்கையாளர் ஒருவர், "செத்த நேரத்துல தாரேன்னு சொல்லி ரெண்டு மணி நேரம் ஆச்சு காசி." காசி: "கப்பல் வேலை போயிட்டிருக்கு, நாளைக்கு வாங்க."

வீட்டுக்கு வந்து புஷ்பத்திடம் ஒரே பெருமை. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி.

"அம்புட்டுப் பேரையும் ஞாபகம் வச்சிருக்காரே, அவரு ஒங்க மீட்டிங்குக்கு எத்தன தடவ வந்திருக்காரு?"

அவன் வந்ததே இல்லை. நான் நாலு தடவை போயிருக்கிறேன். நாலு தடவையும் போட்டுப்போன சட்டை காசி தேய்த்தது. "சென்னைக்காண்ணே? நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று மடித்துக் கொடுப்பான். நீயும் வாயேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லத் தோன்றவில்லை. அவன் மனசில் என்ன ஓடியிருக்கும்? வெட்கமாக இருக்கிறது. இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கே சொல்ல.

பிப். 7, சனி

முதல் வேலையாகப் போய்க் காசியைச் சந்திப்புக்குக் கூப்பிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான். "நானாண்ணே?" இரண்டு தடவை கேட்டான்.

பிப். 12, வியாழன்

கிடைத்துவிட்டார்கள்! வரிசையாக!

நாற்பத்தொரு முகவரிக்கும் கடிதம். போன் நம்பர் தேடி ஊர் ஊராக, சர்ச், பஞ்சாயத்து ஆபீஸ், மளிகைக் கடை எதையும் விடவில்லை. கோட்டயம் கிடைத்தார். ஓங்கோல் தானே கூப்பிட்டார், பேசமுடியாமல் அழுதார், பேரன் போனை வாங்கிப் பேசினான். தூத்துக்குடிக்காரர் வீடு மாறவே இல்லை, அதே தெரு. ஏழு பேர் இறந்துவிட்டார்கள். பதினைந்து பேரைப் பற்றித் தகவலே இல்லை. மீதிப் பத்தொன்பது பேரும் வருகிறோம் என்கிறார்கள்.

38 + 19 = 57.

கிணற்றில் தண்ணீர் இல்லை என்றவர் குழுவில் பூங்கொத்துப் படம் போட்டிருக்கிறார். நான் பதிலுக்கு ஓர் ஆட்டுக்குட்டி படம் போட்டேன்.

மோட்டார் காயில் போச்சு. நாளை பார்க்க வேண்டும்.

பிப். 13, வெள்ளி

எங்கள் குழுத் தலைவர் போனில் பேசினார். ஓய்வுபெற்ற கமாண்டர். எங்கள் கப்பலில் இருந்தபோது மீசை சரியாக முளைக்காத சின்ன ஆபீசர்.

பாராட்டெல்லாம் முடிந்ததும் காசி விஷயம். "வரட்டும் சவரி, தாராளமா வரட்டும். கெஸ்ட்டா வரட்டும். பச்சை பேட்ஜ் குடுங்க." பச்சை என்பது குடும்பத்தாருக்கும் விருந்தினருக்கும். நீலம் கப்பல்காரர்களுக்கு. பேட்ஜில் பெயர், ரேங்க், சர்வீஸ் நம்பர். "நம்பர் இல்லாதவருக்கு நீலம் எப்படிக் குடுக்கிறது? நாளைக்கு கான்டீன் கான்ட்ராக்டரும் கேப்பான்."

"கான்டீன் கான்ட்ராக்டர் புயல்ல நம்மகூட வாந்தி எடுத்தானா சார்?"

"ரூல் ரூல்தான் சவரி."

போனைக் கட்டிலில் எறிந்தேன். பி.பி. மாத்திரை வாங்க மறந்ததும் ஒரு காரணம்.

பிப். 14, சனி

காசியிடம் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே ஒரு வேட்டியை முழுதாகத் தேய்த்து மடித்தான்.

"சண்ட போடாதீகண்ணே. வாரதுன்னா நீலத்துல வாரேன். இல்லையா, சட்டையத் தேச்சுத் தாரேன், நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க."

கோபமே இல்லாமல் சொன்னான். இவன் வராமல் அந்தப் பத்தொன்பது பேர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

பிப். 16, திங்கள்

அச்சகம். பையன் கணினியில் கட்டம் போட்டு வைத்திருந்தான். பெயர், ரேங்க், நம்பர். "காசி சாருக்கு நம்பர் என்ன சார்?"

திரையில் அந்த இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அப்புறம் சொன்னேன், "எல்லாருக்கும் ரேங்க், நம்பர் ரெண்டையும் எடுத்துரு தம்பி."

பேட்ஜ் அடிப்பது செயலாளர் வேலை. செயலாளர் யார்? நான்.

நேரே காசி கடை. பெயர் மட்டும் அச்சான, நீலக் கரை போட்ட ஐம்பத்தேழு அட்டை, ஒரு கறுப்புப் பேனா. "ஒவ்வொருத்தர் பேருக்குக் கீழயும் அவரு குறியப் போடு." பேனாவை வாங்கிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்தவன் நிமிரவில்லை. ஒரு குறிக்குக்கூட யோசிக்கவில்லை. என்னுடையது: ஏணி மாதிரி இரண்டு கோடு, குறுக்கே மூன்று. ஒன்பது வருஷம் கழுத்தில் போட்டுத் திரிந்திருக்கிறேன், இன்றுதான் உற்றுப் பார்க்கிறேன்.

"ஒன் குறி என்ன காசி?"

"எனக்கெதுக்குண்ணே? குறி இல்லாத துணின்னா அது என் துணி."

அவன் பேட்ஜில் பெயர் மட்டும். நீலம். ஐம்பத்தெட்டாவது.

தலைவருக்குச் சொல்லவில்லை. கேட்டால் அல்லவா சொல்ல வேண்டும்?

பிப். 21, சனி

காலை ரயில். காசி புதுச் செருப்பு. என் சட்டை, அவன் சட்டை இரண்டும் ஹேங்கரில், வழியெல்லாம் ஜன்னல் கம்பியில் தொங்கின. யாரையும் அந்தப் பக்கம் சாய விடவில்லை. புஷ்பம் கொடுத்த புளிச்சோறு விழுப்புரத்துக்குள் காலி. காசி சரியாகச் சாப்பிடவில்லை.

"பயமா இருக்காப்பா?"

"பயமில்ல. ஒருத்தராச்சும் 'யாரு இவரு'ன்னு கேப்பாகளோன்னு இருக்கு."

பிப். 22, ஞாயிறு

கை வலிக்கிறது, இருந்தாலும் எல்லாம் எழுதிவிட வேண்டும்.

வாசலில் மேசை போட்டு நானும் காசியும். புதிதாகக் கிடைத்த பத்தொன்பது பேருக்கும் எங்களைத் தெரியவில்லை, எங்களுக்கு அவர்களை. எல்லாருக்கும் வழுக்கை, தொப்பை, காது மெஷின். ஆனால் பேட்ஜைக் கையில் வாங்கியதும் ஒவ்வொருவரும் அப்படியே நின்றுபோனார்கள். ஓங்கோல் வட்டத்துக்குள் சிலுவையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "டோபி!" என்று ஒரு கத்தல். மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். மேசை சாய்ந்து பச்சை பேட்ஜெல்லாம் தரையில்.

பத்தரைக்குத் தலைவர், மனைவியோடு. பேட்ஜைப் புரட்டிப் பார்த்தார்.

"ரேங்க் எங்க? நம்பர் எங்க? சவரி, என்ன இது?"

ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில். அதற்கு வேலையே வரவில்லை.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "ஏங்க, இது அந்தக் கறை இல்ல? உங்க வெள்ளைக் கோட்டுக் காலர்ல இருக்குமே! எத்தனை எலுமிச்சம்பழம் தேச்சிருப்பேன் நான்!"

காசி எழுந்து நின்று, "அது போகாதும்மா. போனா துணி ஆள் மாறிப்போகும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் தலைவரும் சிரித்துவிட்டார். தானே குத்திக்கொண்டார். காசியின் நெஞ்சில் இருந்த நீலத்தை ஒரு கணம் பார்த்தார். மனைவியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினொன்றுக்கு வருகைப் பதிவு. கப்பலின் பழைய பட்டியலைத் தலைவர் எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார், அதே வரிசை. பெயர் படித்தால் எழுந்து "சார்!" இறந்தவர் பெயர் வந்தால் மண்டபமே அமைதி, பிறகு அடுத்த பெயர்.

காசி கடைசி வரிசையில் சுவர் ஓரம் நின்றான். திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, தலைவர் படிப்பதற்கு ஒரு பெயர் முன்னால். அந்த ஒன்பது வருஷமும் கீழே சலவை அறையில் நின்று ஒலிபெருக்கியில் தினம் கேட்ட பட்டியல். அதில் அவன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

பட்டியல் முடிந்தது. காசியின் உதடும் நின்றது. தலைவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"காசி."

அவனுக்கு உறைக்கவே இல்லை. கோட்டயம் முழங்கையால் இடித்தார்.

"சார்!"

போட்ட சத்தத்தில் சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்தேழு பேரும் எழுந்து கைதட்டினோம். தலைவர்தான் கடைசியாக நிறுத்தினார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம். பிரியாணி திண்டுக்கல் அளவுக்கு இல்லை. போகட்டும்.

பிப். 23, திங்கள்

திரும்பும் ரயில். வெயில். காசி பேட்ஜைக் கழற்றவே இல்லை. நானும்தான்.

திருச்சி தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர், சின்ன வயசு. காசியின் நெஞ்சைப் பார்த்தார். "பேட்ஜ் எல்லாம் பலமா இருக்கே. மாநாடா பெரியவரே?"

"நேவி" என்றான் காசி.

பரிசோதகர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சார்?"

"நானும் இவரு கப்பல்தான்."