தம்பி அனுப்பிய இன்ஜின் சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

நம் பழைய பெட்ரோல் வேன் மேடு ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது என்றீர்கள். கார்பன் படிந்திருக்கும், இன்ஜின் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள் என்றேன். "சுரண்டியாச்சுண்ணே, கேளு" என்று தம்பி சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினான். இங்கே நான் வேலை பார்க்கும் ஒர்க்ஷாப்பில் எல்லோருக்கும் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

ஃபோர்மேன் சிரித்தார். "இது டீசல் வண்டிப்பா. மெக்கானிக் காதுலயே பூ சுத்துறாங்களே!"

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

நம் வேன் வீட்டில் இருந்தால் வேறு வண்டியின் சத்தம் எதற்கு? வேனை விற்றுவிட்டீர்கள், அப்படித்தானே? "நீ வர்ற வரைக்கும் வச்சிருப்பேன்" என்றது நீங்கள்தான். போனில் கேட்டால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

வாங்கியவரின் நம்பரை மட்டும் அனுப்புங்கள். மேட்டில் டாப் கியரில் இழுக்கவேண்டாம் என்று சொல்லவேண்டும். பாவம், அது இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மூத்தவன்