ஒரு கைக்கு எள்ளுருண்டை

மட்டாஞ்சேரி
12.8.1979

அன்புள்ள ஜொகராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? மாமியின் முட்டு வலி எப்படி இருக்கிறது?

பச்சைப் பிள்ளையை மடியை விட்டு இறக்க முடிவதில்லை, சோறு ஆறிப்போய்ப் பாதிப் பசியோடு எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். கிடங்கில் சுக்குப் பொறுக்கும் பாத்துமாத்தாவிடம் அதைச் சொன்னேன்.

"எள்ளுருண்டை பிடிச்சு அனுப்பு மோனே. சின்னதா உருட்டு, அவளுக்கு ஒரு கைதானே ஒழிவு" என்றார்.

எள், வெல்லம், கொஞ்சம் சுக்குப்பொடி சேர்த்துப் பிடித்தேன். முதலில் பெரிதாகிவிட்டது, கடித்தால் மடியெல்லாம் உதிர்ந்தது. எப்படித் தெரியும் என்கிறாயா? முதலாளியிடம் கேட்டு, பிள்ளையின் எடைக்கு இரண்டே முக்கால் கிலோ சுக்கைப் பையில் கட்டி, இடது கையில் ஏந்திக்கொண்டு தின்று பார்த்தேன். கிடங்கே சிரித்தது. பிறகு ஒரே வாய்க்குச் சின்னதாக உருட்டி இந்த டின்னில் அடைத்தேன். பை இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது.

உருண்டை தீர்ந்ததும் டின்னில் பிள்ளையின் துணி ஒன்றை வைத்து அனுப்பு. துவைக்க வேண்டாம்.

டின்னைக் கொண்டுவரும் சுலைமான் அண்ணன் பஸ்ஸுக்கு அவசரப்படுத்துகிறார். பிள்ளையை மறுபடி எடை போட்டதும் உடனே எழுது. பையில் அந்த அளவுக்குச் சுக்கு சேர்க்க வேண்டும்.

உன்
செய்யது மசூது